வெள்ளைத் துணிக்குள் ஒரு குதிரை

காலை எட்டு மணிக்கு முதியோர் இல்லத்தின் நடைவழியில், அங்கே வேலை பார்க்கும் ஜூராகான் முதல் படத்தை மூடினாள். ஸ்டூல் மேல் ஏறி, கட்டிலுக்கு விரிக்கும் வெள்ளைத் துணியைச் சட்டத்தின் இரண்டு மூலையிலும் செருகிவிட்டு இறங்கி, ஸ்டூலை அடுத்த படத்துக்கு இழுத்தாள். கைதான் வேலை செய்தது. மனசு மொத்தமும் மேலங்கிப் பைக்குள் கிடந்த கைபேசியில் இருந்தது. ஒன்பது மணிக்குக் காலிபா அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். எழுபத்தெட்டு வயது. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. இதயமும் அவ்வளவு சரியில்லை. மயக்க மருந்தைத் தாங்குவாரா என்று கேட்டதற்கு டாக்டரே உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

இந்த நாள் பார்த்துத்தானா சுண்ணாம்பு அடிக்க வேண்டும்? நேற்றே நிர்வாகி நியாஸ்பெக்கிடம் போய்க் கேட்டுப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை சோதனைக்குக் கமிஷன் வருதும்மா. கூரையெல்லாம் கரி பிடிச்சுக் கிடக்கு. நான் என்ன ஆசைக்கா பண்றேன்?" என்றார் அவர். "இன்னொண்ணு. அந்தக் குதிரைப் படத்தைக் கழட்டி ஸ்டோர் ரூம்ல போட்டுடு. தீயணைக்கிற குழாய்ப் பெட்டிக்கு மேல தொங்குது. அங்க எதுவும் மாட்டக் கூடாதுன்னு விதி."

"குதிரைப் படத்தையா? துர்தாகுன் அப்பா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு."

"அவர்கிட்ட பக்குவமா சொல்றதுக்கு ஆள் பார்த்துட்டேன். நீ அதைப் பத்திக் கவலைப்படாதே."

பக்குவமாகச் சொல்லுகிற அந்த ஆள் யார் என்று ஜூராகான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அதை நினைத்து அன்றைக்கு முழுக்கத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

அந்தக் குதிரையின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கராகோல் ஊருக்கு வெளியே இருக்கிற அந்த முதியோர் இல்லத்துக்குத் துர்தாகுனும் காலிபாவும் வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகன் ரஷ்யாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அப்போது சுவரெல்லாம் மொட்டையாக இருக்கும். ஒரு ஆள் உயரத்துக்கு ஆஸ்பத்திரிப் பச்சை, அதற்கு மேலே அழுக்கு வெள்ளை. மலை மேய்ச்சல் நிலங்களில் நாற்பது வருஷம் குதிரை வைத்தியம் பார்த்த மனுஷர், வந்த நாளிலிருந்து அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடு கட்டிலிலேயே. குளிப்பது கட்டிலுக்குப் பக்கத்திலேயே. இப்படியே விட்டால் நடக்கிறதையே கால் மறந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். எழுந்து எங்கே போவது? எதைப் பார்க்கப் போவது? அதை அந்த டாக்டர் சொல்லவில்லை.

ஏரிக்கரையில் ஒரு பழைய சானடோரியத்தை இடித்தபோது பதினோரு எண்ணெய் வண்ணப் படங்கள் குப்பையோடு குப்பையாக வெளியே கிடந்தன. ஜூராகான் அதைப் பார்த்தாள். உருளைக்கிழங்கு ஏற்றி வந்த வண்டியில் மூட்டைகளுக்கு மேலே அடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "தூசி அடையும்" என்றார் நியாஸ்பெக். "உங்க கிழவங்க மேல அடையற தூசியை விடவா?" என்று கேட்டுவிட்டு அவளே ஆணி அடித்து மாட்டினாள்.

மூன்றாம் நாள் காலிபா தன் புருஷனின் போர்வையை இழுத்துப் போட்டார். "வாசல்ல ஒரு குதிரை நிக்குது. வந்து என்னன்னு பாருங்க." கிழவர் திட்டிக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். எதிர்ச் சுவரில் ஒரு சாம்பல் குதிரை ஆற்றில் கால் வைத்து நின்றது. அவர் ஐந்து நிமிஷம் பார்த்தார். "பின்னங்கால் முட்டி பிசகியிருக்கு. இது ஆத்தைத் தாண்டாது. வரைஞ்சவன் குதிரையைச் சாப்பாட்டுத் தட்டுல கறியா மட்டும்தான் பார்த்திருக்கான்" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து ஜூராகான் பார்த்தாள். மறுநாள் காலையில் யாரும் கூப்பிடாமல் அவரே வந்தார். "என் நோயாளி எப்படி இருக்கான்?" என்று கேட்டார். அதிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. குதிரையைப் பார்க்க வந்தவர் அங்கிருந்து பத்தடி தள்ளியிருக்கிற சாப்பாட்டு அறைக்கும் போனார். சுவரைப் பிடித்தது போய் இப்போது கையில் ஒரு தடி மட்டும்தான். டாக்டர் தூக்க மாத்திரையைப் பாதியாக்கினார். அவர் மட்டுமா? இரண்டு வருஷமாக முகத்தோடு முகம் பேசாத கிழவர்கள் மம்பெத்தாலியும் சாதிரும், ஏரிப் படத்தை எந்தக் கரையில் நின்று வரைந்திருப்பார்கள் என்று சண்டை போட ஆரம்பித்து, சண்டைக்காகவே தினமும் ஒன்றாக டீ குடிக்கிறார்கள்.

முந்தாநாள் ஆம்புலன்சில் ஏற்றும்போது காலிபா ஜூராகானின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல சேதியோ கெட்ட சேதியோ, கிழவன்கிட்ட நீதான் சொல்லணும் பொண்ணே. வேற யார் வாயிலயும் வரக் கூடாது. அவரு இதயம் என்னோடதை விட மோசம். வெளியே வைத்தியர் மாதிரி மிடுக்கா இருப்பாரு, உள்ளே ஒண்ணுமில்ல." ஜூராகான் சரி என்று தலையாட்டினாள்.

அதனால்தான் அன்று காலை குதிரைப் படத்துக்கு முன்னால் வந்தபோது அவளுக்குக் கழற்ற மனசு வரவில்லை. இன்றைக்கு மட்டும் இருக்கட்டும், காலிபா அம்மாவின் சேதி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அதன் மேலும் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். பக்கத்தில் கை கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியையும் மூடினாள். சுண்ணாம்பு தெறித்தால் யார் தேய்ப்பது? துர்தாகுனின் அறையைத் திறந்து பார்த்தாள். ராத்திரி முழுக்கக் காலிபாவின் காலிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், விடியற்காலையில் அவள் கொடுத்த மாத்திரையில் இப்போதுதான் அசந்து தூங்குகிறார். சுண்ணாம்படிக்கிறவர்கள் கட்டடத்தின் அந்தக் கோடியில் ஆரம்பித்திருந்தார்கள். துணி போதவில்லை. இன்னும் நாலு எடுத்து வரலாம் என்று பின்கட்டில் இருக்கும் சலவைக் கொட்டகைக்குப் போனாள். அங்கே சலவை மிஷின் குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் முழங்கால் மட்டும் நின்றது. அதைச் சரிசெய்யப் போனதில் அரைமணி ஓடிவிட்டது.

அழுகைச் சத்தம் அங்கேதான் கேட்டது.

சாதாரண அழுகை இல்லை. ஆம்பளை அழுகை. இழவு வீட்டு வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி குரலெடுத்து அழுவார்களே, அந்த அழுகை. "என் அருமைக் காலிபா! ஐம்பத்தஞ்சு வருஷம் கூட இருந்துட்டு என்னை விட்டுட்டுப் போயிட்டியே!"

ஜூராகானின் கையிலிருந்த துணி தண்ணீரில் விழுந்தது. கைபேசியை எடுத்துப் பார்த்தாள். மணி ஒன்பது ஐம்பது. யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. அப்படியென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து அலுவலகத்துக்கே பேசிவிட்டார்கள். போய்விட்டார். காலிபா அம்மா போய்விட்டார். யாரோ முந்திக்கொண்டு அதைக் கிழவரிடம் சொல்லியும்விட்டார்கள். அவள் ஈரக் காலோடு ஓடினாள்.

நடைவழியில் நுழைந்தபோது சாவு வீட்டுக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருந்தது. துர்தாகுன் தடியை ஊன்றிச் சுவரைப் பார்த்து நின்று கதறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மம்பெத்தாலி, சாதிர், காது கேட்காத காசிம் மூன்று பேரும் வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, தடியை ஊன்றிக்கொண்டு கூடவே குரலெடுத்து அழுதார்கள். காலிபாவின் அறைக்குள் கிழவிகள் முடியை அவிழ்த்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கியிருந்தார்கள். சமையலறையிலிருந்து எண்ணெய் காய்கிற வாசம். சமையல்கார கிளாவா, செத்தவருக்குச் சுட வேண்டிய ஏழு ரொட்டியை அதற்குள் எண்ணெய்ச் சட்டியில் போட்டுவிட்டாள்.

ஜூராகானும் அழுதாள். அழாமல் என்ன செய்வாள்?

நியாஸ்பெக் வேகமாக வந்து அவள் தோளைத் தொட்டார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் அலுவலகத்துல உக்காந்து சுண்ணாம்புக்காரனோட பேசிட்டிருக்கேன். அழுகைச் சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரியுது."

"நான் எங்க சொல்றது? உங்களுக்குத்தானே போன் வந்துச்சு?"

"எனக்கா? எனக்கு யாரும் பண்ணலையே. உனக்கு வந்ததுன்னுல்ல நினைச்சேன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜூராகானின் அழுகை அப்படியே நின்றது. அவள் போய் மம்பெத்தாலியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். தபால்காரராக இருந்தவர். நல்ல சேதியும் கெட்ட சேதியும் தூக்கியே வயசானவர். நியாஸ்பெக் பார்த்து வைத்த 'பக்குவமான ஆள்' இவர்தான் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"அப்பா, காலிபா அம்மா சேதி உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலையே. துர்தாகுன் அழுதாரு. அவருக்குப் போன் வந்திருக்கும்னு நாங்களும் அழுதோம். கூட இருக்கறவங்க அழாம வேடிக்கையா பார்ப்பாங்க?"

"நீங்க எதுக்கு அவர் அறைக்குப் போனீங்க?"

"நிர்வாகி அனுப்பினாரு. குதிரைப் படத்தைக் கழட்டப் போறாங்கன்னு சொல்லச் சொன்னாரு. பொண்டாட்டி ஆபரேஷன்ல கிடக்குற நேரத்துல அதை எடுத்த எடுப்புல சொல்ல முடியுமா? கெட்ட சேதி ஆச்சே. மூணு பேரா போனோம். தொப்பி போட்டுக்கிட்டுப் போனோம்."

"போய் என்ன சொன்னீங்க?"

"அவரு தூக்கத்துல இருந்தாரு, முழிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தோம். அப்புறம் மெதுவா ஆரம்பிச்சேன். துர்தாகுன், தினமும் பார்த்துப் பழகின முகம் ஒருநாள் காலையில அந்த இடத்துல இல்லாம போகும். மனசு தாங்காதுதான். ஆனா ஆம்பளைன்னா தாங்கித்தான் ஆகணும்..."

"எந்த முகத்தைச் சொன்னீங்க?"

"குதிரை முகத்தைத்தான்! நான் முடிக்கவே இல்ல. அதுக்குள்ள அவர் எழுந்து கதவைத் திறந்து வெளியே பார்த்தாரு. பார்த்ததும் கத்த ஆரம்பிச்சுட்டாரு."

வெளியே பார்த்தார். என்ன பார்த்தார்? ஜூராகான் நடைவழியைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அநேகமாக எல்லாப் படமும் வெள்ளைத் துணியில் கிடந்தது. கண்ணாடியும் மூடியிருந்தது. ஒரு வீட்டில் உயிர் போனால்தானே அப்படி மூடுவோம்? நேற்று சாயங்காலம் சாப்பாட்டு அறையில் சுண்ணாம்பு அடிக்கப்போகிற விஷயத்தை நியாஸ்பெக் அறிவித்தபோது துர்தாகுன் அங்கே இல்லை. மூன்று கிழவர்கள் தொப்பியோடு வந்து உட்கார்ந்து சுற்றி வளைத்துப் பேசுகிறார்கள், கதவைத் திறந்தால் எல்லாம் வெள்ளை. எந்த மனுஷனாக இருந்தாலும் என்ன நினைப்பான்? அவள் கையால் செருகிய துணிதான் அது.

"ஐயோ, பாவி நான்" என்றாள் வாய்விட்டு.

ஆஸ்பத்திரி நர்ஸின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வார்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நியாஸ்பெக் தன் கைபேசியில் முயன்றார். அவருக்கும் அதேதான். ஆக, காலிபா செத்துவிட்டார் என்பதற்கும் சாட்சி இல்லை, உயிரோடு இருக்கிறார் என்பதற்கும் சாட்சி இல்லை. ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

அப்போது அழுகை அறுந்தது. துர்தாகுனின் கை தடியிலிருந்து நழுவி மார்பைப் பிடித்தது. சாதிரும் மம்பெத்தாலியும் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உதடு நீலம் பாரித்துவிட்டது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. நியாஸ்பெக் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் ஜூராகானின் பையில் இருக்கும். எடுத்து அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"அப்பா, வாயைத் திறங்க. காலிபா அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. இது சுண்ணாம்புக்காக மூடினது. நான்தான் மூடினேன்."

"என்னை என்ன பச்சப் புள்ளைன்னு நினைச்சியா?" குரல் காற்றாக வந்தது. "கண்ணாடியைக்கூட மூடிட்டே. என்கிட்ட மாத்திரையை நீட்டுறே. காலிபா போன பிறகு எனக்கு எதுக்குடி இது?"

அவள் எழுந்து ஓடினாள். ஸ்டூல் எல்லாம் தேடவில்லை. எட்டின வரை பிடித்துத் துணிகளை இழுத்தாள். ஏரி வந்தது, ஆப்பிள் தோட்டம் வந்தது, கண்ணாடி வந்தது. ஒரு ஆணி சுவரோடு பிய்ந்தது. அந்தக் கோடியிலிருந்து சுண்ணாம்படிக்கிறவன், "அக்கா, தெறிக்கும் அக்கா!" என்று கத்தினான். தெறிக்கட்டும் என்று குதிரையின் மேல் இருந்த துணியை உருவி எறிந்தாள். சாம்பல் குதிரை ஆற்றில் கால் வைத்தபடி வெளியே வந்தது. "இதைத்தானே ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோகச் சொன்னாங்க?" என்று இன்னொரு வேலைக்காரன் பக்கத்தில் வந்தான்.

"கை வெச்சே, கையை முறிச்சுடுவேன்" என்றார் நியாஸ்பெக். அவர் அப்படிப் பேசி அந்த இல்லத்தில் யாரும் கேட்டதில்லை. "குழாய்ப் பெட்டியைக் கழட்டி அந்தப் பக்கச் சுவர்ல மாட்டு. படம் அங்கதான் இருக்கும். கமிஷன்கிட்ட நான் பேசிக்கறேன்."

துர்தாகுன் குதிரையைப் பார்த்தார். கண் ஒரு நிமிஷம் அதில் நின்றது. பிறகு மறுபடி மூடிக்கொண்டது. "இப்ப துணியை எடுத்துட்டா ஆச்சா?" என்றார்.

கிளாவா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். கையில் தட்டு. தட்டில் சுடச்சுட ஏழு ரொட்டி. ரஷ்யக்காரிதான், ஆனால் முப்பது வருஷமாக இங்கே எல்லாச் சாவுக்கும் அவள்தான் சுடுகிறாள். நடந்தது எதுவும் தெரியாமல், அழுத கண்ணோடு தட்டைக் கிழவரின் முன்னால் நீட்டினாள். துர்தாகுன் அதைப் பார்த்தார். அப்புறம் ஜூராகானைப் பார்த்தார்.

"இதைத் தொட்டுச் சொல்லு" என்றார். "என் காலிபா உயிரோட இருக்கான்னு இந்த ரொட்டியைத் தொட்டுச் சொல்லு. அப்ப மாத்திரையைப் போட்டுக்கறேன்."

அங்கே இருந்த எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். தரையில் ஒரு துணுக்கு விழுந்தாலும் எடுத்து நெற்றியில் ஒற்றி மேலே வைக்கிற ஜனங்கள். ரொட்டியைத் தொட்டுப் பொய் சொன்னவனின் வீட்டில் ரொட்டி தங்காது, அவன் பிள்ளைக்கும் தங்காது. ஜூராகானுக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்திக்கு அடுத்த மாதம் பிரசவம். "வேணாம் பொண்ணே" என்று மம்பெத்தாலி மெதுவாகச் சொன்னார். "நமக்குத் தெரியாது."

தெரியாதுதான். பையில் கிடந்த கைபேசி கல் மாதிரி கிடந்தது. கிழவரின் உதடு இன்னும் கறுத்தது. ஜூராகான் தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தாள். விரல் சுட்டது. இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

"காலிபா அம்மா உயிரோட இருக்காங்க. நான் சொல்றது பொய்யா இருந்தா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு விழுங்கினாள். துர்தாகுன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார். அவள் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த டாக்டர் பெண் கிழவரின் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, "மாத்திரை போட்டதால தப்பிச்சாரு. வண்டியில ஏத்துங்க" என்றாள். சேதி வரும் வரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அவர் அடம் பிடித்தார். அவள் ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு, "அரைமணிதான் பார்ப்பேன்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஜூராகான் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பத்து இருபது ஆயிற்று. பத்து முப்பத்தைந்து ஆயிற்று. பிரசவத்துக்கு இருக்கும் மகளின் முகம் கண் முன்னால் வந்து வந்து போனது. காலிபா அம்மா, செத்துடாதீங்க, என் பொண்ணுக்காகவாவது செத்துடாதீங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள். இப்படியும் ஒரு வேண்டுதலா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கெஞ்சினாள்.

பத்து நாற்பதுக்குக் கைபேசி அடித்தது. அவள் எடுக்கப் பார்த்தபோது விரல் வழுக்கியது. டாக்டர் பெண்தான் பொத்தானை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"முடிஞ்சுதுக்கா" என்றாள் நர்ஸ். "இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வெச்சுத்தான் பண்ணினாங்க. அம்மா முழிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க. வீட்டுக்காரர்கிட்ட பேசியே ஆகணும்னு ஒரே பிடிவாதம். இந்தாங்க, பேசுங்க."

அந்த நேரம் பார்த்து, நடைவழியின் மூலையில் காது கேட்காத காசிம், என்ன நடந்தது ஏது நடந்தது என்று தெரியாமல், சுவரைப் பார்த்து நின்று மறுபடியும் குரலெடுத்தார். "போயிட்டியே! எங்களை விட்டுட்டுப் போயிட்டியே!"

கைபேசியில் ஒரு மூச்சு சத்தம் கேட்டது. பிறகு காலிபாவின் குரல். "ஜூரா? யாரு அழறது? காசிம் எதுக்கு அப்படி அழறாரு?" குரல் ஏறியது. "கிழவன் போயிட்டாரா? மறைக்காதே பொண்ணே, சொல்லு! எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவர் இதயம் தாங்காதுன்னு அன்னிக்கே சொன்னேனே..."

"இல்லம்மா! இல்ல!" என்று ஜூராகான் கத்தினாள்.

"பொய் சொல்லாதே! அவர் இருந்தா அவரைப் பேசச் சொல்லு!"

அவள் கைபேசியைத் துர்தாகுனின் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. காலையில் கதறியதில் தொண்டை கட்டிப்போயிருந்தது. மறுபடி முயன்றார். காற்றுதான் வந்தது. அந்தப் பக்கம் காலிபா விக்கி விக்கி அழ ஆரம்பித்துவிட்டார். நர்ஸ், "அம்மா, அசையாதீங்க அம்மா" என்று பதறுவது கேட்டது. சாதிர் பாய்ந்து போய் காசிமின் வாயைப் பொத்தினார். கிளாவா ஒரு டம்ளர் டீயை நீட்டினாள். துர்தாகுன் ஒரு வாய் குடித்தார், தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தார், மென்றார், விழுங்கினார். எல்லோரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அடியே" என்றார் கரகரவென்று. "உன் ரொட்டியைத்தான் தின்னுக்கிட்டு இருக்கேன்."

அழுகை நின்றது. "என்ன ரொட்டி?"

"நீ செத்துட்டேன்னு கிளாவா சுட்ட ஏழு ரொட்டி. இதோட ஒண்ணு ஆச்சு. நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பக்கம் காலிபா மூக்கை உறிஞ்சினார். "எனக்குச் சுட்டதை எனக்கு வைக்காமயா தின்னுறீங்க?" என்றார்.

கிழவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே ஒப்பாரி வைத்த கிழவிகள் அவிழ்த்த முடியை முடிந்துகொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யார் முதலில் ஆரம்பித்தது என்று தங்களுக்குள்ளேயே சண்டை போட்டார்கள். மம்பெத்தாலி மட்டும் யார் கண்ணிலும் படாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

துர்தாகுனை ஆம்புலன்சுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது ஜூராகானும் கூடவே நடந்தாள். காலிபா இருக்கிற அதே ஆஸ்பத்திரிக்குத்தான் அவரையும் கொண்டுபோகிறார்கள். வண்டிக் கதவுக்குப் பக்கத்தில் துர்தாகுன் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"ரொட்டியைத் தொட்டப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது. இல்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாதுப்பா."

"எனக்கும் தெரியும், உனக்குத் தெரியாதுன்னு. போன் உன் பையிலதான் கிடந்துச்சு. அது அடிக்கவே இல்லையே."

"அப்புறம் ஏன் மாத்திரையைப் போட்டுக்கிட்டீங்க?"

"காலிபா நிஜமாவே போயிருந்தா ரொட்டி உன்னை அடிச்சிருக்கும். நான்தானே உன்னைத் தொடச் சொன்னேன்? உன்னை விட்டுடுன்னு ரொட்டிகிட்ட கெஞ்சிக் கேக்கறதுக்கு நான் உயிரோட இருக்க வேணாமா?"

வண்டிக் கதவைச் சாத்தினார்கள். ஜூராகான் முற்றத்தில் தனியாக நின்று, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்கிக் கிடக்கும் சலவைக் கொட்டகையைப் பார்க்கப் போனாள்.